முடிவற்றதும் முடியாததும்

மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென்று சங்கத்து நண்பர்கள் நம்மை அணுகியபோது ஒரே ஒரு நிபந்தனையை விதித்தனர். கட்டுரை எப்பொருளைப் பற்றியும் அமையலாம். நீண்டுவிட மட்டும் கூடாது. அதனைக் கேட்டதும் நமக்கு நகை தோன்றிற்று. அளவுக்கு மிஞ்சி நீளுகின்றவற்றைக் குறிக்கும் ஓர் ஆங்கில அடைமொழியைப் பற்றி எழுத வேண்டுமென்று நாம் பல ஆண்டுகளாக எண்ணியிருந்தோம். ‘இன்டர்மினபிள்’ என்பது அச்சொல். நீளத்தைப் பற்றிச் சுருக்கமாக எழுதுவது நமக்கு வாய்த்த சோதனை போலும். அன்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

இச்சொல்லின் பொருளை உணர்வதற்கு நம் விழா மேடைகளைவிடச் சிறந்த பள்ளி வேறில்லை. ‘இரண்டே சொற்கள் கூறி அமர்கின்றேன்’ என்று எழுகின்ற பெருந்தகை, முக்கால் மணி நேரம் கழிந்த பின்னும் முதற் சொல்லிலேயே நிற்பார். ஒலிபெருக்கிக்காரர் கடிகாரத்தைப் பார்ப்பார். அடுத்துப் பாட வேண்டிய சிறுமி, பட்டுப்பாவாடை கசங்க, அன்னையின் மடியில் உறங்கிவிட்டிருப்பாள். பின்வரிசையினர் கடைசிப் பேருந்தை எண்ணி ஒவ்வொருவராக நழுவுவர். அவ்வேளையில் எஞ்சியிருப்போர் நெஞ்சில் எழும் உணர்ச்சி இருக்கிறதே, அதுதான் அச்சொல்லின் உயிர். ‘நீண்ட’ என்றால் அவ்வுணர்ச்சி முழுதும் வருவதில்லை. ‘இது முடியவே முடியாதா?’ என்னும் பெருமூச்சும் கூட வர வேண்டும்.

நம்மவர்க்கும் இப்பெருமூச்சு புதியதன்று. ‘அனுமார் வால்போல் நீளுகிறது’ என்போம். ‘சவ்வாக இழுக்கிறான்’ என்போம். 1960-ஆம் ஆண்டில் தினத்தந்தி நாளிதழில் தொடங்கிய சித்திரக்கதையை நினைத்து, ‘இது என்ன கன்னித்தீவா?’ என்று கேட்போம். நன்னூலார் நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்தினை எண்ணும்போது மிகைபடக் கூறல், கூறியது கூறல், மற்றொன்று விரித்தல் ஆகியவற்றையும் சேர்த்துள்ளார். பேச்சு நீளுவதால் வரும் துன்பத்தை இலக்கணத்திலேயே பதிந்து வைத்த மரபு நம்முடையது. ஆயினும் இந்த ஆங்கிலச் சொல்லுக்கு நேரான ஒரு தமிழ்ச் சொல்லைத் தேடப் புகுந்தபோது நாம் இடர்ப்பட்டோம். அந்த இடர்ப்பாட்டின் கதையே இக்கட்டுரை.

நாம் தில்லிக்கு வந்தது 1974-ஆம் ஆண்டு. நடுவண் அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர் பணி. ஆங்கிலத்தில் கடிதம் வரைவது அன்றாடத் தொழிலாதலால், இராமகிருஷ்ணபுரம் குடியிருப்பில் இருந்த தமிழன்பர்கள் தத்தம் கடிதங்களுக்கும் மனுக்களுக்கும் நம்மை நாடி வருவர். 1981-இல் ஒருநாள் மாலை, கீழ்த்தளத்தில் மகனோடு தங்கியிருந்த முதியவர் ஒருவர் ஒரு கட்டுக் காகிதத்தோடு வந்தார். தஞ்சைத் தரணியைச் சேர்ந்தவர். ஊரில் அவருக்கும் பங்காளிக்கும் இடையே ஒரு வயல் வரப்பைப் பற்றிய வழக்கு. எல்லைக்கல் இருந்த இடத்தினின்று பெயர்த்து நடப்பட்டது என்பது அவர் கட்சி. அது நட்ட இடத்திலேயே நிற்கிறது என்பது பங்காளியின் கட்சி. 1959-இல் தொடங்கிய அவ்வழக்கு, கீழமன்றம், மேன்முறையீடு, மறுவிசாரணை என்று இருபத்திரண்டு ஆண்டுகளைத் தின்றிருந்தது. மேலிடத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு முறையீடு எழுதித் தருமாறு கேட்டார். நாமும் எழுதினோம். தாமதத்துக்கு முன்னால் நம் அடைமொழியைக் கம்பீரமாக வைத்தோம்.

முழுவதையும் படித்துக் காட்டியபோது அவர் அச்சொல்லில் நம்மை நிறுத்தினார்.

‘தம்பி, அந்த நீளமான வார்த்தைக்கு என்ன அர்த்தம்?’

‘முடிவற்ற என்று பொருள் ஐயா’ என்றோம்.

அவர் சிறிது நேரம் சிந்தித்தார். ‘முடிவில்லாதவன்னு நாம ஒருத்தனைத்தானே சொல்லுவோம். இந்தப் பாழாப்போன வழக்கை அவன் பக்கத்துல கொண்டுபோய் வைக்கலாமா?’

நாம் சிரித்தோம், அவரும் சிரித்தார். முறையீடு அஞ்சலில் சென்றது. ஆனால் அவ்வினா மட்டும் நம்மைவிட்டு நீங்கவில்லை. ஆங்கிலத்தில் இறைவனுக்கு உரியது வேறு சொல், வழக்குக்கு உரியது வேறு சொல் என்று அவருக்கு விடை கூறியிருக்கலாம். அப்படித்தான் நாமும் அப்போது நம்பினோம். பின்னாளில் நூலகங்களில் அச்சொல்லின் பிறப்பைத் துருவியபோதே முதியவர் எத்துணை நுட்பமாகக் கேட்டார் என்பது விளங்கிற்று.

இலத்தீன் மொழியில் ‘டெர்மினஸ்’ என்றால் எல்லை, எல்லைக்கல். உரோமானியர் அதனையே ஒரு தெய்வமாகவும் வழிபட்டனர். பிப்ரவரித் திங்கள் 23-ஆம் நாள் அத்தெய்வத்துக்குத் திருவிழா. வயலுக்கு உரியவர் இருவரும் எல்லைக்கல்லின் இருபுறமும் கூடி, அதற்கு மாலை சூட்டி, படையலிட்டு, ஒன்றாக உண்பர். கல்லைப் பெயர்த்தவன் தெய்வக் குற்றத்துக்கு ஆளானவன். உரோம் நகரின் குன்றின்மேல் தலைமைத் தெய்வமாகிய ஜூபிட்டருக்குக் கோயில் எடுத்தபோது, அவ்விடத்தில் முன்பிருந்த தெய்வங்கள் யாவும் விலகிக்கொள்ள, டெர்மினஸ் மட்டும் அசைய மறுத்துவிட்டதாம். ஆகவே கோயிலுக்குள்ளேயே அதற்கு இடமளித்தனர் என்பது பழங்கதை. எல்லையம்மனையும் எல்லைச்சாமியையும் அறிந்த நமக்கு இது அயலாகத் தோன்றுவதில்லை.

அந்தக் கல்லின் வழிவந்த சொற்கள் இன்று நம்மைச் சூழ்ந்துள்ளன. இரயிலும் பேருந்தும் சென்று நிற்கும் கடைசி நிலையம் டெர்மினஸ். பள்ளிக்கும் பதவிக்கும் உள்ள காலவரம்பு டெர்ம். தற்காலிகப் பணியாளர் கனவிலும் அஞ்சும் ஆணை டெர்மினேஷன். இவை யாவற்றிலும் ஒரு கல் நிற்கிறது. அக்கல்லை நடுவதற்கு இயலாமற் போனது எதுவோ, அதுவே இன்டர்மினபிள். எல்லைக்கல்லைப் பற்றிய வழக்கொன்றுக்கு எல்லைக்கல் நடமுடியாத அடைமொழியை நாம் அறியாமலே சூட்டியிருந்தோம்!

வியப்பு இதனோடு நிற்கவில்லை. ஆறாம் நூற்றாண்டில் போயீதியஸ் என்னும் உரோமானிய அறிஞர், அரசனின் ஐயத்துக்கு ஆளாகிச் சிறைப்பட்டு, கொலைத்தண்டனையை எதிர்நோக்கியிருந்த காலத்தில் ‘தத்துவம் தரும் ஆறுதல்’ என்னும் நூலை இயற்றினார். அதில் நித்தியம் என்பது யாது என்று விளக்குமிடத்தில், எல்லையிடவொண்ணாத வாழ்வினை முழுமையாகவும் ஒருங்கேயும் உடைமையாகக் கொள்வதே அது என்னும் கருத்தை நிறுவுகிறார். அது இறைவனுக்கே உரிய நிலை. பதினான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலக் கவிஞர் சாசர் அந்நூலைத் தம் மொழியில் பெயர்த்தபோது, அவ்விடத்தில் இட்ட சொல் வேறெதுவும் அன்று; நம் இன்டர்மினபிள்தான். ஆங்கிலத்தில் அச்சொல் முதன்முதலில் ஆளப்பட்ட இடங்களுள் அதுவும் ஒன்று. இறைவனின் வாழ்வுக்கு அடைமொழியாக வந்த சொல், நூற்றாண்டுகள் செல்லச் செல்ல இறங்கி இறங்கி, சொற்பொழிவுக்கும் வழக்குக்கும் வரிசையில் நிற்பதற்கும் அடைமொழியாயிற்று. ‘அவன் பக்கத்தில் வைக்கலாமா?’ என்று முதியவர் கேட்டது வெறும் வேடிக்கை அன்று. அவர் ஆங்கிலம் அறியார். எனினும் சொல்லின் பழைய வீட்டுக் கதவைத் தட்டிவிட்டார்.

ஒரு சொல் இவ்வாறு இறங்குவது ஏன்? முடிவின்மை தன்னளவில் நன்றும் அன்று, தீதும் அன்று. ஆண்டு முழுதும் வற்றாது ஓடும் ஆற்றை ஆங்கிலேயர் ‘பெரெனியல்’ என்பர். நாம் ஜீவநதி என்போம். அதில் சலிப்பு இல்லை. ‘எவர்லாஸ்டிங்’, ‘இடர்னல்’ என்பன போற்றுதலுக்கும் உரியன. ‘புரொட்ராக்டட்’ என்பது இழுக்கப்பட்டது என்னும் பொருளது. மருத்துவரும் வழக்கறிஞரும் உணர்ச்சியின்றிப் பயன்படுத்துவது. இன்டர்மினபிள் மட்டுமே தனித்து நிற்கிறது. ஏனையவை பொருளின் நீளத்தைக் கூறுகின்றன. இதுவோ அதன் முன்னே அமர்ந்திருப்பவனின் நிலையைக் கூறுகிறது.

நாம் விடுமுறைக்கு ஊர் திரும்பிய அந்நாட்களில் ஜி.டி. எக்ஸ்பிரஸே நமக்குத் தேர். 2,000 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வழி. இரண்டு இரவுகள் கழிய வேண்டும். தெற்கே செல்லும்போது இட்டார்சி வர மறுக்கும். நாக்பூர் நகர மறுக்கும். பல்லார்ஷாவுக்கும் காசிப்பேட்டைக்கும் இடையே காடுகள் பெருகிக்கொண்டே போகும். விஜயவாடாவில் கிருஷ்ணையைக் கடந்த பின்னும் சென்னை எங்கோ இருக்கும். விடுமுறை கழிந்து வடக்கே மீளும்போதோ அதே நிலையங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தடித்துக்கொண்டு வரும். தண்டவாளம் நீளவும் இல்லை, குறுகவும் இல்லை. அன்னையை நோக்கிச் சென்ற பயணம் முடியாதிருந்தது. அலுவலகத்தை நோக்கிச் சென்ற பயணம் முடிந்துவிட்டது.

இவ்வுண்மையைத் தமிழர்க்கு எவரும் ஆங்கிலத்திலிருந்து கற்பிக்க வேண்டுவதில்லை. நக்கீரர் 188 அடிகளில் பாடிய பாட்டுக்கு நெடுநல்வாடை என்று பெயர். ஒரே வாடைக்காற்று, அதற்கு இரண்டு அடைமொழிகள். அரசனைப் பிரிந்து வருந்தும் அரசிக்கு அது நெடிய வாடை. பாசறையில் வினைமேற்கொண்டு வெற்றி காணும் அரசனுக்கு அது நல்ல வாடை என்று நச்சினார்க்கினியர் விளக்கம் காண்பார். அரண்மனையில் வீசியதும் பாசறையில் வீசியதும் ஒரு காற்றே. நெடுமை காற்றில் இல்லை. காத்திருப்பவள் நெஞ்சில் இருந்தது. நம் ஆங்கில அடைமொழியின் முழு இலக்கணமும் அந்த ஒரு பெயருக்குள் அடங்கியிருப்பதைக் கண்டபோது, மார்கழி மாதத்துத் தில்லிக் குளிரிலும் நமக்கு மெய்சிலிர்த்தது.

எனினும் அன்றாட உரைநடைக்கு ‘நெடு’ என்னும் அடை போதவில்லை. ‘முடிவற்ற’ என்பது முதியவர் கூறியவாறு இறைவனிடம் சென்றுவிடுகிறது. ‘முடியாத’ என்னும் சொல்லை எண்ணிப் பார்த்தோம். இச்சொல்லுக்கு இரண்டு முகங்கள். முடிவு பெறாதது என்பது ஒன்று. இயலாதது என்பது மற்றொன்று. ‘வேலை முடியவில்லை’ என்றாலும் ‘என்னால் முடியவில்லை’ என்றாலும் வினை ஒன்றே. காலம் முடியாமையும் மனிதன் முடியாமையும் ஒரே சொல்லில் கைகோத்து நிற்கின்றன. ஆங்கில அடைமொழி தேடும் பொருளுக்கு இதனினும் அணுக்கமாக வருவது அரிது. ‘தீராத’ என்பதும் ஏற்றதே. தீராத நோய், தீராத வழக்கு என்கிறோம். தீர்வும் தீர்ப்பும் அதே வேரில் பிறந்தவை. ஆதலால் தீர்ப்பு வராத வழக்கைத் தீராத வழக்கு என்னும்போது சொல்லே நீதி கேட்கிறது.

மற்றொன்றும் உண்டு: ‘இழுத்தடித்தல்’. ஆங்கில அடைமொழி குற்றத்தைப் பொருளின்மேல் ஏற்றிவிட்டு, செய்தவனை மறைத்துவிடுகிறது. தமிழ் வினையோ ‘இழுத்தடிப்பவன் யார்?’ என்று உடனே கேட்கிறது. வழக்குகளைப் பொறுத்தவரை தமிழே சரி. டிக்கன்ஸ் 1852-53-இல் எழுதிய ‘பிளீக் ஹவுஸ்’ புதினத்தில் வரும் ஜார்ன்டைஸ் வழக்கு, சொத்து முழுவதும் வழக்குச் செலவுக்கே கரைந்த பிறகுதான் ஓய்கிறது. நம் நாட்டிலும் 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 1999-இல் ஒரு திருத்தம் செய்து, 2002-இல் நடைமுறைக்குக் கொணர்ந்தனர். விசாரணையின்போது ஒரு தரப்பாருக்கு மூன்று முறைக்கு மேல் வாய்தா அளிக்கலாகாது என்பது அத்திருத்தம். வாய்தாவுக்கும் ஓர் எல்லைக்கல் வேண்டியிருந்தது என்பதற்கு அதுவே சான்று.

நம் முதியவருக்கு அத்திருத்தம் பயன்படவில்லை. அவர் 1986-இல் மறைந்தார். ஏழு ஆண்டுகள் கழித்து அவர் மகனும் பங்காளியின் மகனும் ஒரு திருமண வீட்டில் பேசிச் சமாதானமாகி, நில அளவையாளரை அழைத்துக் கல்லை நட்டுக்கொண்டனர். முப்பத்து நான்கு ஆண்டுகள் முடியாதிருந்தது ஒரு முற்பகலில் முடிந்தது.

இதுவரை கூறியவை நாம் நூலில் கற்றவை, அயலாரிடம் கண்டவை. இனிக் கூறப் புகுவது நம் வீட்டில் நிகழ்ந்தது. இதனை எழுதலாமா என்று நெடுநாள் தயங்கினோம்.

1994-ஆம் ஆண்டு ஆவணித் திங்களில் நம் அன்னையாருக்குப் பக்கவாதம் கண்டது. ஊரில் பார்த்துக்கொள்வார் இன்மையால் தில்லிக்கு அழைத்து வந்தோம். வலக்கையும் வலக்காலும் வழங்கவில்லை. பேச்சு மெல்லத் திரும்பிற்று. இரண்டே அறைகள் கொண்ட குடியிருப்பு. முன்னறையில் அவர் கட்டில். நள்ளிரவில் ஒருமுறையும் விடியுமுன் ஒருமுறையும் எழுந்து அவரைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். இல்லையேல் முதுகில் புண் வந்துவிடும். நாமும் நம் இல்லத்தரசியும் முறை வைத்துக்கொண்டோம். முதலாண்டு கடமையாகக் கழிந்தது. இரண்டாம் ஆண்டு பழக்கமாகக் கழிந்தது. மூன்றாம் ஆண்டில் நாம் அலுவலகத்தில் கோப்பின்மீதே கண்ணயரத் தொடங்கினோம்.

அவ்வாண்டு, 1997-இல், கல்கத்தாவில் இருந்த தம்பிக்குக் கடிதம் எழுதினோம். அண்ணன் தம்பி இருவரும் ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளும் பழக்கம் அலுவலகம் தந்த நோய். சில மாதங்களேனும் அன்னையை அவன் அழைத்துச் செல்லலாகாதா என்று கேட்க விரும்பினோம். நேரே கேட்கக் கை கூசியது. ஆகவே அன்னையின் நோய்க்கு முன்னால் அந்த அடைமொழியை வைத்தோம். தம்பி புரிந்துகொள்வான் என்று எண்ணினோம்.

கடிதம் மேசைமேல் இருந்தது. பதினொரு வயதுப் பெண், நம் மகள், அதனைப் பார்த்துவிட்டு, ‘அப்பா, இந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்?’ என்றாள்.

‘நீண்ட நாளாக இருக்கிற என்று அர்த்தம் அம்மா.’

அவள் பள்ளி அகராதியை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனாள். பாட்டியின் கட்டிலோரம் அமர்ந்துதான் அவள் பாடம் படிப்பது வழக்கம். சிறிது நேரத்தில் அங்கிருந்தே உரக்கக் கூவினாள்:

‘நீங்க சொன்னது முழுசா சரியில்லைப்பா. ரொம்ப நேரம் நீண்டு சலிப்புத் தருவது என்று போட்டிருக்கிறதே. பாட்டி உடம்பு உங்களுக்குச் சலிப்பா?’

நாம் விடை கூறவில்லை. அடுக்களையில் பாத்திர ஒலியும் நின்றது. முன்னறையில் கட்டிலிலிருந்தும் ஓர் ஒலியும் எழவில்லை. அன்னையார் உறங்கியிருப்பார் என்று நமக்கு நாமே கூறிக்கொண்டோம்.

அன்றிரவு அவரைப் புரட்டிப் படுக்கவைக்கச் சென்றபோது அவர் விழித்திருந்தார். இடக்கையால் நம் மணிக்கட்டைப் பற்றினார். ‘தூக்கம் ரொம்பக் கெடுதாடா உனக்கு?’ என்று கேட்டார். அவ்வளவே. குறைகூறும் குரலும் இல்லை, அழுகையும் இல்லை. பள்ளிக்கூட நாட்களில் தேர்வுக்குப் படிக்கும்போது எந்தக் குரலில் கேட்பாரோ, அதே குரல். ‘இல்லை அம்மா’ என்றோம். அது பொய் என்பதை இருவரும் அறிவோம்.

கடிதத்தைக் கிழித்தோம். மறுநாள் தம்பிக்குத் தமிழில் எழுதினோம்: எங்களால் தனியே முடியவில்லை, வந்து உதவு என்று. ‘முடியவில்லை’ என்று எழுதியபோதே அச்சொல்லின் இரண்டு முகங்களும் நமக்குத் தெரிந்தன. ஆங்கிலத்தில் எழுதியபோது முடியாதது அன்னையின் நோய். தமிழில் எழுதியபோது முடியாதவர்கள் நாங்கள். இரண்டாவதே உண்மை. தம்பி அடுத்த வாரமே வந்தான். அன்று முதல் ஆண்டுக்கு இரண்டு திங்கள் வந்து தங்கி, இரவுக் காவலைத் தானே ஏற்றுக்கொண்டான். நேரே கேட்டிருந்தால் முதலாண்டிலேயே வந்திருப்பேன் என்று அவன் கூறியது இன்றும் நம் செவியில் உள்ளது.

அன்னையார் 2000-ஆம் ஆண்டு மார்கழியில் மறைந்தார். ஆறு ஆண்டுகளும் நான்கு திங்களும். விரல்விட்டு எண்ணிவிடலாம். அதற்குப் பின் பல இரவுகள் பழக்கத்தால் நள்ளிரவில் விழிப்பு வரும். எழுந்து முன்னறைவரை சென்று, வெறுங்கட்டிலைக் கண்டு திரும்புவோம். முடியாது என்று நாம் எண்ணிய காலத்துக்குக் கல் நட்டாயிற்று. கல்லுக்கு அப்பால் நின்று பார்க்கையில், அது எத்துணைக் குறுகிய வயல்!

அம்மகள் இன்று வளர்ந்து, தன் பிள்ளைகளுக்குச் சொற்பொருள் கூறும் நிலையில் இருக்கிறாள். சங்கத்தில் ஞாயிறுதோறும் தமிழ் கற்க வரும் இளைஞர் சிலர் இந்த அடைமொழிக்குத் தமிழ் என்ன என்று நம்மைக் கேட்பதுண்டு. பொருளைப் பார்த்துச் சொல் தேர்க என்று கூறுகிறோம். பேச்சானால் சவ்வு என்க, வழக்கானால் இழுத்தடிப்பு என்க, செய்தவன் வெளிப்படட்டும். ஆனால் ஒரு மனிதரைப் பற்றியோ அவர் நோயைப் பற்றியோ எழுத நேர்ந்தால், அந்த அடைமொழியை எடுக்குமுன் ஒருகணம் நிறுத்துக. அது அவரைப் பற்றி ஒன்றும் கூறாது. எழுதுபவரின் களைப்பை மட்டுமே கூறும். களைத்திருந்தால் களைத்தேன் என்று நேரே எழுதுவது நன்று. உதவிக்கு ஆள் வரக்கூடும்.

நண்பர்கள் விதித்த எல்லைக்கல் கண்ணுக்குத் தெரிகிறது. அதனைப் பெயர்த்து நட நமக்கு உரிமை இல்லை.